மட்டக்களப்பு வெக்கையில் மலிவு விலைச் சிவப்பு வைன்: எது தாங்கும், எது தாங்காது

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் மலிவு விலைச் சிவப்பு வைனைக் கெடுப்பது பெரும்பாலும் வெக்கைதான். கப்பலில் வந்து, கொழும்பிலிருந்து லொறியில் 300 கிலோமீற்றருக்கு மேல் ஓடி, பிறகு கடைத் தட்டில் நிற்கிறது போத்தல். வைன் ஸ்டோர்ஸ் என்று பலகை தொங்கும் கடைகளில் ஓடுவது சாராயமும் பியரும். வைனுக்கு ஒரு தட்டு, அதுவும் மெதுவாகத்தான் காலியாகும். கச்சான் வீசும் ஆனி, ஆடி மாதங்களை அந்தத் தட்டிலேயே கழித்த போத்தல் எந்த நாட்டு வைனாக இருந்தாலும் ஒரே சுவைதான்: வெந்த பழம், தட்டையான இனிப்பு, பின்னால் ஒரு கசப்பு.

ஆகவே பிராண்டைப் பார்க்கும் முன் போத்தலைப் பாருங்கள். தக்கை கழுத்து விளிம்பை விட மேலே தள்ளி நின்றால், உறைக்கு அடியில் பிசுபிசுப்புத் தடம் இருந்தால், வைன் மட்டம் பக்கத்துப் போத்தலை விடத் தாழ்ந்திருந்தால் வைத்துவிடுங்கள். சூட்டில் வைன் விரிந்து தக்கையைத் தள்ளியிருக்கிறது, பிறகு அந்த வழியால் காற்று போயிருக்கிறது. திருகு மூடிப் போத்தலில் இந்த அடையாளங்கள் தெரியாது. ஆனாலும் நமது வெக்கைக்கு அதுதான் பொருத்தம். நிமிர்த்தி வைத்தாலும் காய்ந்து சுருங்கத் தக்கை இல்லை, நனைந்த அட்டைப்பெட்டி மணம் தரும் தக்கைக் கோளாறும் அநேகமாக இல்லை. கண்ணாடி அலுமாரியின் முன்வரிசைப் போத்தலை எடுக்காமல், பின்னால் இருட்டில் நிற்பதையோ பெட்டியிலிருந்து எடுத்ததையோ கேளுங்கள். கேட்டால் தருவார்கள்.

அடுத்தது போத்தலில் எழுதியிருக்கும் அறுவடை ஆண்டு. இந்த விலை வைன்கள் அறுவடையிலிருந்து இரண்டு, மூன்று ஆண்டுக்குள் குடிக்கச் செய்யப்பட்டவை. வைத்திருந்தால் மேம்படும் என்ற நம்பிக்கை இங்கே காசு கரைக்கும். சிலி, அவுஸ்திரேலியா, தென்னாபிரிக்காவில் அறுவடை மாசி முதல் சித்திரை வரை. ஐரோப்பாவில் புரட்டாதி, ஐப்பசி. ஆக, ஒரே ஆண்டு எழுதியிருந்தாலும் ஸ்பெயின் போத்தல் ஏறத்தாழ ஆறு மாதம் இளையது. ஆண்டே எழுதாத போத்தல் வேண்டாம்.

விலையில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. இறக்குமதி வைன் மீது விழும் வரியில் பெரும்பங்கு லீற்றர் கணக்கிலானது, உள்ளே இருப்பதன் தரத்தைப் பார்ப்பதில்லை. அதன் மேல் 18 வீத வற். எனவே தட்டிலேயே மலிவான போத்தலுக்குக் கொடுக்கும் காசில் வைனுக்குப் போவது மிகச் சொற்பம். ஒரு படி மேலே உள்ளதை எடுத்தால், கூட்டிக் கொடுக்கும் காசின் பெரும்பகுதி வைனுக்கே போகும். மூன்றாம், நாலாம் படிக்கு ஏறுவது அன்றாடப் பாவனைக்குத் தேவையில்லை. முகப்புத்தாளில் உள்ள பெரிய சொற்களுக்கும் மயங்க வேண்டாம்: ஸ்பெயினின் ரியோஹா வைனில் ‘கிரியான்சா’ என்றால் மொத்தம் 2 ஆண்டு, அதில் குறைந்தது 1 ஆண்டு ஓக் பீப்பாயில் என்று சட்டம் உண்டு. சிலியின் ‘ரிசர்வா’வுக்கு அப்படிக் கண்டிப்பான பீப்பாய்க் கணக்கு இல்லை.

எந்தத் திராட்சை? கறியோடு குடிப்பவர் கபர்னே சோவினியோனைக் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பதுதான் இங்கே வழக்கமான தவறு. அதன் துவர்ப்பு, மலிவு விலையில், கூடுதல் நேரம் ஊறிய சாயத்தண்ணி போல நாக்கைப் பிடிக்கும்; மிளகாய்த்தூள் சேர்ந்தால் இரண்டும் ஒன்றையொன்று ஏற்றிவிடும். மதுச்சாரமும் உறைப்பைக் கூட்டும், அதனால் 14.5 வீதத்தை விட 12.5, 13 வீதம் நல்லது. சிலி மெர்லோ, ஸ்பெயினின் கர்னாச்சா, பீப்பாய் காணாத இளம் தெம்பிரானியோ, இத்தாலியின் மொந்தேபுல்சியானோ தப்ருட்சோ ஆகியவற்றில் ஏமாற்றம் குறைவு. கர்னாச்சாவில் மட்டும் மதுச்சார வீதத்தைப் பார்த்து எடுங்கள், சில 14ஐத் தாண்டும். சிலியின் கார்மனேரில் பச்சை மிளகாய் வாடை சற்று இருக்கும். 1994 வரை அங்கே அதையும் மெர்லோ என்றே நினைத்து வளர்த்தார்கள். நமது கறிக்கு அந்த வாடை குறையே இல்லை.

மிளகு தூக்கலாகப் போட்ட ஆட்டிறைச்சிப் பிரட்டலுக்கு ஷிராஸ். மிளகுக்கு மணம் தரும் ரொட்டன்டோன் என்ற பொருளே ஷிராஸ் திராட்சையின் தோலிலும் உண்டு. வாவி மீன் குழம்புக்கும் கருவாட்டுக்கும் சிவப்பு வைனை எடுக்கவே எடுக்காதீர்கள்: வைனில் உள்ள இரும்பு மீன் எண்ணெயோடு சேர்ந்து வாயில் நாட்பட்ட மீன் வாடையை எழுப்பும். பால் விட்ட நண்டுக் கறி, இறால் பிரட்டல் என்றால் நன்றாகக் குளிரவைத்த இலேசான சிவப்பு ஒப்பேறும்.

குளிரவைப்பது விருப்பம் அல்ல, கட்டாயம். ‘அறை வெப்பநிலையில் பரிமாறவும்’ என்று எழுதியவர்களின் அறை 16, 18 பாகை. கல்லடியிலோ கல்முனையிலோ அறை 30. அந்தச் சூட்டில் மதுச்சாரம் மட்டும் மூக்கில் ஏறும், பழ மணம் அடங்கிவிடும். பிரிட்ஜில் ஒன்றரை மணி நேரம்; அவசரமென்றால் வாளியில் ஐஸும் தண்ணீரும் சரிபாதி, போத்தல் கழுத்து வரை மூழ்க 10 நிமிடம். வெறும் ஐஸ் மட்டும் போட்டால் இடையில் காற்று நின்று இருமடங்கு நேரம் பிடிக்கும். கிளாசில் 100 மில்லிலீற்றருக்கு மேல் ஊற்ற வேண்டாம், குடித்து முடிப்பதற்குள் சூடேறிவிடும். அதிகம் குளிர்ந்து துவர்ப்பு முன்னால் நின்றால் ஐந்து நிமிடம் மேசையில் விடுங்கள். திறந்ததும் முட்டை வாடை வந்தால் பயம் வேண்டாம், கிளாசைச் சுழற்றினால் பெரும்பாலும் போய்விடும்.

தனியாகக் குடிப்பவருக்கு மிச்சம்தான் தலையிடி. 375 மில்லிலீற்றர் சாராய அரைப்போத்தல் ஒன்றை வெந்நீரில் மணம் போகக் கழுவிக் காயவைத்து வைத்திருங்கள். வைனைத் திறந்தவுடனேயே பாதியை அதில் விளிம்பு வரை நிரப்பி, இறுக மூடி, பிரிட்ஜில் வைத்தால் நாலு, ஐந்து நாள் நிற்கும். பெரிய போத்தலிலேயே அரைவாசி காற்றோடு விட்டால் மூன்றாம் நாளே வினாகிரி எட்டிப் பார்க்கும். வெளியே மேசையில் வைத்தால் மறுநாள் பின்னேரமே கெட்டுவிடும். காற்று உறிஞ்சும் பம்ப் வாங்கிப் பார்க்கலாம், ஆனால் அரைப்போத்தலுக்கு ஈடில்லை.

அளவையும் சொல்லவேண்டும். 13.5 வீத வைன் 150 மில்லிலீற்றரில் உள்ள மதுச்சாரம், 33.5 வீதச் சாராயம் 60 மில்லிலீற்றரில் உள்ளதற்குச் சமம், 20 மில்லிலீற்றர். வைன் இலேசு, இருதயத்துக்கு நல்லது என்ற பேச்சை நம்பி அளவைக் கூட்டாதீர்கள். பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்பதே 2023இல் உலக சுகாதார அமைப்பு சொன்னது.

போயா நாளில் கடை பூட்டு என்பதற்காக ஆறு போத்தல் வாங்கி அலுமாரிக்கு மேலே அடுக்குவது வீண். வீட்டிலேயே சூடான இடம் அதுதான். இரண்டு போதும், சீமெந்து நிலத்தோடு ஒட்டிய இருட்டு மூலையில். ஐந்தாம் நாளும் மிஞ்சினால் மாட்டிறைச்சி ஊறவைக்க ஒரு கிலோவுக்கு 100 மில்லிலீற்றர் விடலாம். புளிப்பு அலுமினியத்தோடு சேர்ந்தால் கறியில் உலோகச் சுவை இறங்கும், மண்சட்டியிலோ எவர்சில்வரிலோ சமையுங்கள்.