சைகோனில் துணி வாங்கப் போனோம், மதாமும் முசியேவும் கூட வந்தார்கள்

முத்தியால்பேட்டையில் பதினெட்டு வருடமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். ஒவ்வொரு டிசம்பரிலும் பிரான்சிலிருந்து ஒரு யூதத் தம்பதி புதுச்சேரிக்கு வந்து இரண்டு மாதம் தங்குவார்கள். அந்த அம்மாவுக்கு முழங்கை மறைகிற சட்டையும் கணுக்கால் வரை பாவாடையும் நான்தான் தைத்துக் கொடுப்பேன், அப்படி ஆரம்பித்த பழக்கம். எங்கள் ஊர் வழக்கப்படி அவரை மதாம் என்றும் அவர் வீட்டுக்காரரை முசியே என்றும் கூப்பிடுவோம், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். போன ஜனவரியில் அவர்கள் வியட்நாம் போகப் போவதாகச் சொன்னபோது, 'சைகோனா, எங்கள் தாத்தா சொல்தாவாக, அதாவது பிரெஞ்சுச் சிப்பாயாக, இருந்த ஊர்' என்று நான் சொல்ல, அப்படியானால் நீங்களும் வாருங்கள் என்று விடாப்பிடியாக எங்களையும் கிளப்பிவிட்டார்கள். புதுச்சேரியில் பழைய குடும்பங்கள் பலவற்றில் சைகோன் கதை ஒன்று இருக்கும். பிரெஞ்சு ராணுவத்தில், போலீஸில், வரி ஆபீசில் என்று அங்கே போய் உட்கார்ந்தவர்கள் நம்மவர்கள். இப்போது அதற்கு ஹோ சி மின் நகரம் என்று பெயர், ஆனால் அந்த ஊர்க்காரர்களே பேச்சில் சைகோன் என்றுதான் சொல்கிறார்கள்.

போகிறவர்களுக்கு உபயோகமாக இருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன், அதிலும் துணி வாங்கப் போகிறவர்களுக்கு.

விசா ஆன்லைனிலேயே கிடைக்கிறது, ஒரு முறை நுழைய 25 டாலர். விமான நிலையம் ஊருக்குள்ளேயே இருப்பதால் அரை மணியில் ஓட்டலுக்குப் போய்விட்டோம். பணத்தில் மட்டும் கவனம் வேண்டும். ஒரு ரூபாய்க்கு முந்நூறு டோங் சுமாராக வருகிறது, எல்லாம் பிளாஸ்டிக் மாதிரி வழவழப்பான நோட்டு. 20,000 டோங் நோட்டும் 500,000 டோங் நோட்டும் இரண்டுமே நீலச் சாயலில் இருக்கும், இருட்டில் இளநீர்க்காரரிடம் மாற்றி நீட்டிவிடலாம். இரண்டையும் பர்ஸில் தனித்தனி அறையில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் முழுக்கச் சுற்றிப் பார்த்தோம். 1891-இல் கட்டி முடித்த தபால் நிலையம் இன்னும் தபால் நிலையமாகவே இருக்கிறது, உள்ளே சுவரில் பெரிய பழைய வரைபடங்கள். அந்த மஞ்சள் வண்ணத்தையும் பச்சை ஜன்னல் கதவுகளையும் பார்த்தால் நம் ஊர் கடற்கரைப் பக்கத்துத் தெருவில் நிற்கிற மாதிரிதான் இருக்கும். எதிரே இருக்கிற நோத்ர் தாம் தேவாலயம் 1880-இல் முடிந்தது, மராமத்து வேலைக்காகச் சாரம் கட்டியிருந்ததால் வெளியே நின்று பார்த்ததோடு சரி. போர் நினைவு அருங்காட்சியகத்தில் முசியே ஒவ்வொரு படத்தின் முன்னும் நின்றார், நான் இரண்டாவது மாடியோடு கீழே வந்துவிட்டேன். அங்கே அரை நாள் ஒதுக்கிக்கொண்டு போகவேண்டும், நாங்கள் ஒரு மணி நேரம் கொடுத்தது தப்பு.

அப்புறம் மாரியம்மன் கோயில். பென் தான் மார்க்கெட்டிலிருந்து நடக்கிற தூரம்தான், துரோங் தின் தெருவில் இருக்கிறது. நம்மவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கடைசியில் கட்டியது, இன்றைக்குக் கும்பிட வருகிறவர்களில் பெரும்பாலோர் வியட்நாம்காரர்கள். கையில் ஊதுபத்திக் கட்டோடு வருகிறார்கள், சுற்றி வந்து கருவறைக்குப் பின்பக்கக் கல்சுவரில் நெற்றியை ஒட்டி வைத்துக்கொண்டு அம்மனிடம் வாய்விட்டு முணுமுணுக்கிறார்கள். என் பக்கத்தில் ஒரு பெண், நம் ஊர்க் காலேஜ் பெண் மாதிரி, கண்ணை மூடிக்கொண்டு ஐந்து நிமிஷம் அப்படியே நின்றாள். அந்தக் கல் வழவழவென்று இருந்தது. நானும் நெற்றியை வைத்தேன், தாத்தா எந்த இடத்தில் வைத்திருப்பாரோ என்று நினைத்துக்கொண்டு.

மதாமும் முசியேவும் உள்ளே வரவில்லை. விக்கிரகம் இருக்கிற இடத்துக்குள் போவது அவர்கள் நெறியில் இல்லை, அதை முதலிலேயே நேராகச் சொல்லிவிட்டு, எதிர்ப்பக்கம் காபிக் கடையில் காத்திருந்தார்கள். எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. வெளியே வந்ததும் மதாம் முதலில் கேட்டது, 'தாத்தாவுக்காக வேண்டிக்கொண்டாயா?' என்றுதான்.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லவேண்டும், ஏனென்றால் சைவக்காரர்களுக்கும் இதே சிக்கல்தான் வரும். பன்றி, இறால், நண்டு, கணவாய் எதுவும் மதாமுக்கும் முசியேவுக்கும் ஆகாது. மீன் என்றால் துடுப்பும் செதிலும் இருக்கவேண்டும். கறியும் பாலும் ஒரே வேளையில் சேரக்கூடாது. போதாக்குறைக்கு அந்த ஊரில் கீரை வதக்கினால்கூட நுவோக் மாம் ஊற்றிவிடுவார்கள், நெத்திலியை உப்பில் போட்டு மாதக்கணக்கில் ஊற வைத்து இறக்குகிற சாறு அது. நெத்திலி அவர்களுக்குச் சரிதான் என்றாலும், அந்தச் சாற்றில் வேறென்ன கலந்தது, எந்தப் பாத்திரத்தில் இறக்கினார்கள் என்று மேற்பார்வை பார்த்தவர் இல்லாவிட்டால் தொடமாட்டார்கள். அதனால் பகலில் பழம், அவர்களே கொண்டுவந்த ரொட்டி, பால் சேர்க்காத கடுங்காபி. ராத்திரிக்கு அங்கே இருக்கிற, கபாத் என்ற யூத அமைப்பின் இல்லத்தில் முன்கூட்டியே சொல்லிவைத்துச் சாப்பிட்டார்கள். ஒரு நாள் எங்களையும் கூட்டிப்போனார்கள், எளிமையான சாப்பாடு, கோழி சூப்பும் சோறும், வயிற்றுக்கு இதமாக இருந்தது.

எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் 'சாய்' என்ற ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. சைவச் சாப்பாட்டுக்கு அங்கே அதுதான் பெயர், கடைப் பலகையில் 'கம் சாய்' என்று இருந்தால் தைரியமாகப் போகலாம். அங்கே பௌத்தர்கள் அமாவாசை கழிந்த முதல் நாளும் பௌர்ணமியும் சைவம் சாப்பிடுகிறார்கள், நம் வீட்டில் அமாவாசைக்கு அசைவம் தொடமாட்டோமே, அதே மாதிரி. அந்த நாட்களில் சாதாரணக் கடையிலும் சைவம் கிடைக்குமாம். எங்கள் ஆயா, அதாவது பாட்டி, புதுச்சேரியில் 'நெம்' சுருட்டிப் பொரிப்பார், தாத்தா கற்றுக்கொண்டு வந்தது. காளானும் சேமியாவும் வைத்த சைவ நெம்மை சைகோனில் கடித்தபோது அதே ருசி, பக்கத்தில் வைத்த கீரை இலைகள்தான் ஆயா வீட்டில் இருக்காது.

இனி துணி. பென் தான் மார்க்கெட் 1914-இல் திறந்தது, மணிக்கூண்டு வைத்த முகப்பு, பார்க்க அழகுதான். துணி மட்டும் அங்கே வாங்காதீர்கள். நம் பெரிய மார்க்கெட்டில் வெளியூர்க்காரர் முகத்தைப் பார்த்ததும் விலை ஏறுமே, அங்கே அதைவிட ஏறுகிறது, கால்வாசி விலைக்குக் கேட்டாலும் கொடுக்கிறார்கள் என்றால் முதலில் சொன்ன விலையை என்னவென்று சொல்வது. ஒரு கடையில் சுத்தப் பட்டு என்று மதாமிடம் ஒரு சால்வையைக் காட்டினார்கள். ஓரத்தில் ஒரு இழை உருவி நெருப்பில் காட்டினேன், காஞ்சிபுரம் புடவைக்கு நாம் பார்ப்பதுதான். பட்டாக இருந்தால் முடி கருகுகிற நாற்றம் வந்து, நசுக்கினால் பொடியாகிற கரி நிற்கும். இது உருகிச் சொட்டி, கெட்டியான கறுப்பு மணியாக உருண்டுகொண்டது. பாலியஸ்டர். கடைக்காரப் பெண் கோபப்படவில்லை, மடித்து வைத்துவிட்டு வேறொரு அடுக்கிலிருந்து நிஜப் பட்டை எடுத்துக் கொடுத்தாள். ஆக இருக்கிறது, கேட்டால்தான் வருகிறது.

நீங்கள் போகவேண்டியது தான் தின் மார்க்கெட். இளஞ்சிவப்புத் தேவாலயம் என்று யாரைக் கேட்டாலும் காட்டுவார்கள், அதற்குப் பக்கம்தான். உள்ளூர்ப் பெண்கள் ஆவ் யாய் என்கிற அவர்கள் நீள அங்கிக்குத் துணி எடுக்கிற இடம் என்பதால் விலையில் பெரிய ஏமாற்று இல்லை. மொத்தமாக எடுக்கவேண்டுமானால் சோலோன் என்கிற சீனர் பகுதியில் சுவாய் கின் லாம் துணிச்சந்தை, அங்கே நெருக்கி நெருக்கித் துணி அடுக்கி நடக்க வழியில்லாமல் இருக்கும். நான் லைனிங் துணியும் லினனும் அங்கே எடுத்தேன், சென்னையில் நான் எடுக்கிற விலையைவிடக் குறைவு, தரம் நன்றாக இருக்கிறது, இரண்டு முறை துவைத்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

தான் தின்னில்தான் எனக்கு அந்தக் கறுப்புப் பட்டு கிடைத்தது. ஆயாவின் தகரப் பெட்டியில் ஒரு கறுப்புத் துணி இருந்தது, ஒரு பக்கம் எண்ணெய் தடவின மாதிரி மினுங்கும், மறுபக்கம் மங்கலாக இருக்கும், சின்ன வயதில் முகத்தில் வைத்துக்கொண்டால் சில்லென்று இருக்கும். அதற்குப் பெயர் லான் மீ ஆ என்று இப்போதுதான் தெரிந்தது. மீகாங் கரையில் தன் சாவ் என்ற ஊரில் நெய்வது. மக் நுவா என்ற மரத்தின் பச்சைக் காயை இடித்து அந்தச் சாற்றில் துணியை முக்கி, வெயிலில் காயவைத்து, மறுபடி முக்கி, அப்படித் திரும்பத் திரும்பச் செய்து கறுப்பேற்றுகிறார்கள். நம் மீனவர்கள் முன்பு வலைக்குப் பனிச்சங்காய்ச் சாறு ஏற்றினார்களே, அந்த மரத்துக்கு இது சொந்தம், ஒரே குடும்பம். மீட்டர் நம் கணக்கில் மூவாயிரத்துக்கு மேல் வந்தது, அகலமும் குறைவு. இரண்டு மீட்டர் எடுத்தேன். கடைக்கார அம்மாவுக்குக் கொஞ்சம் பிரெஞ்சு தெரிந்திருந்தது, மதாம்தான் பேசி முடித்துக் கொடுத்தார்.

தையல் கடைதான் எங்களைக் கஷ்டப்படுத்தியது. பெயர் சொல்லவில்லை. முசியேவுக்குக் கல்யாணத்துக்குப் போட மெல்லிய கம்பளியில் ஒரு கோட்டு வேண்டியிருந்தது. அவர்கள் நெறியில் கம்பளியும் லினனும் ஒரே உடையில் சேரக்கூடாது, ஷாட்னெஸ் என்கிறார்கள். பட்டு கலக்கலாம், பருத்தி கலக்கலாம், இந்த இரண்டு மட்டும் கூடாது. வெளித்துணி கம்பளியாக இருந்தால் என்ன சிக்கல் என்று கேட்பீர்கள். நல்ல கோட்டுக்குக் காலருக்குள் விறைப்பாக நிற்க ஒரு கேன்வாஸ் வைப்போம், அது பல இடங்களில் லினன். வெள்ளிக்கிழமை காலை அளவு கொடுக்கும்போதே இதை மூன்று முறை சொன்னோம், பருத்தி கேன்வாஸ்தான் வைப்போம் என்று எழுதியும் கொடுத்தார்கள்.

அன்று சாயங்காலம் ஐந்தரைக்கு முன்னால் மதாம் ஓட்டல் அறையில் இரண்டு மெழுகுவத்தி ஏற்றிவிட்டார், அதிலிருந்து சனிக்கிழமை இருட்டி நட்சத்திரம் தெரிகிற வரைக்கும் சப்பாத், அவர்களுடைய வார ஓய்வு நாள். பணம் தொடமாட்டார்கள், வண்டி ஏறமாட்டார்கள், லிஃப்ட் பொத்தானை அழுத்தமாட்டார்கள். ஓட்டலில் இரண்டாவது மாடியில் அறை கேட்டு வாங்கியிருந்தார்கள், அட்டை காட்டித் திறக்கிற கதவு என்பதால், வரும்போது நீங்களே திறந்துவிடுங்கள் என்று வரவேற்பில் முந்தின நாளே சொல்லிவைத்தார்கள். அந்தப் பையன்கள் ஒரு தடவைகூட முகம் சுளிக்காமல் செய்தார்கள், அதற்காகவே அந்த ஓட்டலுக்கு முழு மதிப்பெண். இப்படி விரதம், நியமம் உள்ளவர்கள் எந்த ஊருக்குப் போனாலும் முன்கூட்டியே சொல்லிவிடுவதுதான் வழி.

ஞாயிறு காலை கோட்டு வந்தது. வெட்டு அருமை, தோள்பட்டை அவ்வளவு சுத்தமாக உட்கார்ந்திருந்தது, அதை மறைக்கக்கூடாது. காலரை விரலில் மடக்கிப் பார்த்ததும் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது, மடித்த இடம் பருத்தி மாதிரி தளரவில்லை, விறைத்துத் திரும்பியது. கீழ்க்காலரில் இரண்டு சென்டிமீட்டர் தையலைப் பிரித்து இழை ஒன்றை உருவினேன். இங்கே நெருப்பு உதவாது, பருத்தியும் லினனும் எரித்தால் ஒரே காகித வாசனைதான். ஈரமாக்காமல் சட்டென்று இழுத்து அறுக்கவேண்டும். பருத்தி இழை அறுந்தால் நுனி துடைப்பம் மாதிரி பிரிந்து சுருளும். இது கூராக, நேராக அறுந்து நின்றது. லினன். கடைக்காரர் முதலில் மறுத்தார், எழுதிக்கொடுத்த சீட்டைக் காட்டியதும் மாற்றித் தர மூன்று நாள் ஆகும் என்றார். எங்களுக்கு அன்று ராத்திரி விமானம். பணமும் திரும்ப வரவில்லை. முசியே சத்தம் போடவில்லை, ஆனால் அந்தக் கோட்டை ஒரு தடவைகூடத் தோளில் போட்டுப் பார்க்காமல் மடித்துப் பையில் வைத்தார், அதைப் பார்க்கத்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஆகவே அங்கே தைக்கக் கொடுப்பதாக இருந்தால் இறங்கிய முதல் நாளே கொடுங்கள், போட்டுப் பார்த்துத் திருத்த இரண்டு நாள் மிச்சம் வையுங்கள், உள்ளே வைக்கிற துணியை நீங்களே எடுத்துக் கொடுத்துவிடுங்கள்.

ஊருக்கு வந்து நானே காலரை முழுசாகப் பிரித்து, லினனை ஒரு இழை விடாமல் எடுத்து, பருத்தி கேன்வாஸ் வைத்துக் கையாலேயே தைத்துக் கொடுத்தேன், நான்கு சாயங்காலம் பிடித்தது. முசியே அதை பிரான்சுக்குக் கொண்டுபோய், இதற்கென்றே நுண்ணோக்கி வைத்துப் பார்த்துச் சொல்கிறவரிடம் காட்டியிருக்கிறார். சுத்தம் என்று சொல்லிவிட்டாராம், மதாம் போன் பண்ணினார். கறுப்புப் பட்டு இன்னும் வெட்டாமல் கடை அலமாரியில் இருக்கிறது, பார்க்க விரும்புகிறவர்கள் வந்தால் காட்டுகிறேன்.