டெஸ்டர் அசல், டப்பாவுக்குள் இருந்தது வேறு

பெர்ஃப்யூம் வாங்கப் போகிறவர்கள், அதுவும் இரண்டில் எதை எடுப்பது என்று தவிக்கிறவர்கள், இதைப் படித்துவிட்டுப் போங்கள். எனக்கு 6,500 ரூபாய் போயிற்று.

ரொம்ப நாளாக இரண்டின் மேல் ஒரு கண். ஒன்று அர்மானியின் அக்வா டி ஜியோ, 1996-இல் வந்தது. எலுமிச்சையும் கடல்காற்றும் கலந்து, அப்போதுதான் குளித்துவிட்டு வந்த மாதிரி இருக்கும். நம் வெயிலுக்குத் தோதானது. இன்னொன்று டியோரின் ஃபாரன்ஹைட், 1988. அதற்கும் இதற்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. அடித்ததும் பெட்ரோல் வாடை குப்பென்று வரும். அதில் பெரும்பங்கு வயலட் இலையின் வேலை. அப்புறம் மெல்ல லெதராக இறங்கும். "பங்க்கில் வரிசையில் நிற்கிற மாதிரி இருக்குங்க" என்றாள் மனைவி. எனக்கு அதுதான் பிடித்தது.

கடைக்காரர் ஒரு மணிக்கட்டில் ஒன்று, மறு மணிக்கட்டில் மற்றொன்று என அடித்துவிட்டார். நடுவில் மூக்குக்கு ஓய்வு கொடுக்கக் காப்பிக்கொட்டைக் கிண்ணம். "ஆபீஸுக்கா சார், ஃபங்ஷனுக்கா?" என்று முக்கால் மணி நேரம் பேச்சை வளர்த்தார். நானும் மாற்றி மாற்றி முகர்ந்துகொண்டிருந்தேன். எதை எடுப்பது என்ற குழப்பத்தில், அசலா என்று கேட்கவே தோன்றவில்லை. முகர்ந்து பார்க்க வைத்திருக்கும் அந்த டெஸ்டர் பாட்டில்களில் குறை சொல்ல ஒன்றுமில்லை, அந்தப் பெட்ரோல் வாடை அப்படியே இருந்தது.

ஃபாரன்ஹைட் என்றதும் ஷோகேஸைத் தொடாமல், குனிந்து கீழ் டிராயரிலிருந்து ஒரு பெட்டியை எடுத்தார். அங்கேயே உஷாராகியிருக்க வேண்டும். பில் கேட்டால், "பில் போட்டா 18 பர்சென்ட் ஜிஎஸ்டி ஏறும் சார்." சரி, மிச்சம்தானே என்று க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தேன். பணம் போனது கடையின் பெயருக்கு அல்ல, யாரோ ஒரு தனி ஆளின் பெயருக்கு.

மறுநாள் காலை அடித்துக்கொண்டு தாம்பரத்தில் ரயில் ஏறினேன். பெட்ரோலும் இல்லை, லெதரும் இல்லை. ஸ்பிரிட்டில் வெல்லம் கரைத்த மாதிரி ஒரு தித்திப்பு. கிண்டியில் இறங்கும்போது அதுவும் இல்லை. இரவு பாட்டிலைக் கவிழ்த்துப் பார்த்தால் அடியில் ஒரு பேட்ச் எண், பெட்டியில் வேறு எண். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். (ஒன்றாக இருந்தாலும் அசல் என்று நம்பிவிடாதீர்கள், எண்ணையும் காப்பியடிக்கிறார்கள்.) முறைப்படி இறக்குமதியான சரக்கில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, எம்ஆர்பி போட்ட ஸ்டிக்கர் இருக்கும். என் பெட்டியில் பசைத் தடம்கூட இல்லை.

திருப்பிக் கொடுக்கப் போனேன். "சீல் பிரிச்சாச்சே சார்." அப்புறம், "உங்க உடம்புச் சூட்டுக்கு நிக்காது." கடைசியாக, "கம்பெனியே ஃபார்முலாவை மாத்திட்டான்." பழைய பெர்ஃப்யூம்களின் கலவையை ஓக்மாஸ் போன்ற வாசனை மூலப்பொருள்களுக்கு வந்த கட்டுப்பாடுகளால் மாற்றுவது உண்மைதான். அந்த உண்மையைத்தான் இவர் கேடயமாகப் பிடிக்கிறார். பக்கத்திலேயே இருந்த டெஸ்டரைக் காட்டி, "இது மட்டும் மாறலையா?" என்றேன். பதில் இல்லை.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறேன். கையில் பில் இல்லை, பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட் மட்டும்தான். புகார் என்ற சொல் காதில் விழுந்ததும் கடைக்காரர் இறங்கி வந்தார். "கோபப்படாதீங்க சார், வேணும்னா அக்வா டி ஜியோ எடுத்துக்கோங்க" என்று குனிந்து, அதே டிராயரைத் திறந்தார்.