லீவுக்கு நிறுத்தினால் சாகும் கார்: 68,500 ரூபாய் கொடுத்து ஏமாந்த கதை

திருகோணமலையில் பழைய ஜப்பான் கார் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நின்ற இடத்திலேயே பற்றரி இறங்குகிறது என்று கராஜுக்குப் போனால், அவர்கள் காட்டும் முதல் சாமானை வாங்கிவிடாதீர்கள். நான் வாங்கினேன். அதுவும் இரண்டு தடவை.

என்னுடையது 2008 ரொயோட்டா விட்ஸ். வீடு உவர்மலையில், வேலை கந்தளாயில். திங்கள் முதல் வெள்ளி வரை நாளுக்கு 80 கிலோமீற்றர் ஓடும், சனியும் ஞாயிறும் வாசலில் நிற்கும். திடீரென்று ஒரு திங்கட்கிழமை காலை சாவியைத் திருப்பினால் டிக் டிக் என்ற சத்தம் மட்டும்தான். பக்கத்து வீட்டு வானிலிருந்து ஜம்பர் வயர் போட்டதும் ஸ்ரார்ட் ஆனது, வெள்ளி வரை ஒரு தொந்தரவும் இல்லை. அடுத்த திங்களும் அதே கதை. ஓடும் நாளில் சுகம், நிற்கும் நாளில் வருத்தம். பாதி விடை அதிலேயே இருந்தது, எனக்குத்தான் பிடிபடவில்லை.

நகரத்துக்குள்ளேயே ஒரு கராஜுக்குக் கொண்டுபோனேன். பெயர் வேண்டாம். பாஸ் பொனற்றைத் திறந்து, டேர்மினலில் பூத்திருந்த பச்சையைக் காட்டினார். "தம்பி, உப்புக் காத்து. மூண்டு வருசம் ஓடினதே பெரிய விசயம். மாத்துவம்." மீற்றரைக் கையில் எடுக்கவே இல்லை. கடற்கரை ஊரில் டேர்மினல் பூப்பது உண்மை என்பதால் எனக்கும் சந்தேகம் வரவில்லை. புதுப் பற்றரி 29,500. பழையதைக் குப்பை என்று சொல்லி அவரே வைத்துக்கொண்டார். பழைய ஈயத்துக்கும் விலை உண்டு என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

இரண்டு வார இறுதி நல்லபடி போனது. மூன்றாவதில் திங்கள் போயா லீவு, கார் மூன்று நாள் நின்றது. செவ்வாய் காலை கார் செத்துக் கிடந்தது.

வீட்டுக்கு வந்து எடுத்துவிட 2,500 வாங்கினார்கள். கராஜில் பாஸ் எஞ்சினை ஓட விட்டு, ஓடும்போதே பற்றரியின் நெகற்றிவ் வயரைக் கழற்றினார். எஞ்சின் நடுங்கியது. "பாத்தீங்களா, ஓல்டனேற்றர் சார்ஜ் பண்ணுதில்ல." எஞ்சின் ஓடும்போது பற்றரிக்குக் கரண்ட் கொடுக்கும் சாமான்தான் ஓல்டனேற்றர். இதை எந்தக் கராஜில் செய்தாலும் உடனே தடுங்கள். அப்படிக் கழற்றும்போது வோல்டேஜ் எகிறி ஓல்டனேற்றரின் டயோட்டும் கம்பியூட்டர் பெட்டியும் போகக்கூடும். எஞ்சின் ஓடும்போது பற்றரியின் இரண்டு முனையிலும் மீற்றரை வைத்து, 13.8க்கும் 14.5க்கும் இடையில் வோல்ட் காட்டுகிறதா என்று பார்த்தால் போதும். ஓல்டனேற்றர் பழுது என்றால் நான் எப்படித் தினமும் 80 கிலோமீற்றர் ஓடுகிறேன் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ரீகண்டிஷன் ஓல்டனேற்றர் 32,000, கூலி 4,500. கழற்றியதைத் திருப்பித் தரவும் இல்லை.

ஒரு கலியாணத்துக்காக மட்டக்களப்புக்கு பஸ்ஸில் போய் நாலு நாள் கழித்து வந்தோம். கார் மறுபடியும் சவம்.

மனைவி வழியில் ஒரு மாமா இருக்கிறார், இ.போ.ச. பஸ் டிப்போவில் வயரிங் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அவரைக் கூப்பிட நான் ஏன் இவ்வளவு நாள் யோசித்தேன் என்று தெரியவில்லை. வந்தவர் முதலில் பற்றரியை முழுக்கச் சார்ஜ் பண்ண வைத்தார். கண்ணாடிகளை இறக்கி, சாவியை வீட்டுக்குள் வைக்கச் சொன்னார். கதவு திறந்தபடி இருந்தாலும் மூடியிருப்பதாகக் கார் நினைக்கட்டும் என்று, கதவின் சுவிற்சை அமத்தி வைத்தார். அப்புறம் நெகற்றிவ் வயரைக் கழற்றி, மீற்றரை 10 அம்பியரில் வைத்து, வயருக்கும் பற்றரிக்கும் நடுவில் போட்டார். மீற்றர் இப்படி நடுவில் இருக்கும்போது ஸ்ரார்ட் பண்ணக்கூடாது, மீற்றரின் பியூஸ் போய்விடும்.

முதலில் 2 அம்பியருக்கு மேல் காட்டியது. நான் "அகப்பட்டது" என்று துள்ள, "பொறும் மருமகன், கார் இன்னும் நித்திரைக்குப் போகேல்ல" என்றார். உள்ளே இருக்கும் பெட்டிகள் ஒவ்வொன்றாக அடங்க அரை மணி, முக்கால் மணி ஆகுமாம். தேத்தண்ணி குடித்தோம். வேலியோரம் இரண்டு மான்கள் வந்து வாழைப்பழத் தோலைத் தேடிவிட்டுப் போயின. திரும்பி வந்து பார்த்தால் 0.42 அம்பியர். அதற்குக் கீழே இறங்கவில்லை. நிற்கும் காரில் 0.05க்குக் கீழே இருக்க வேண்டியது.

இனி கணக்கு. 0.42 அம்பியர் என்றால் ஒரு நாளுக்குப் பத்து அம்பியர் மணி. என் பற்றரி நிறைந்திருந்தாலே 35 அம்பியர் மணிதான் கொள்ளும். வெள்ளி மாலையிலிருந்து திங்கள் காலை வரை 26 போகும், புதுப் பற்றரி என்றால் எப்படியோ சமாளித்துவிடும். போயாவும் சேர்ந்தால் 36. கராஜ்காரர் 'திருத்தியது' இரண்டு வாரம் தாக்குப்பிடித்ததன் இரகசியம் இவ்வளவுதான்.

பியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். பொனற் பெட்டியில் ஒன்றும் இல்லை. டாஷ்போர்டுக்குக் கீழே, ரேடியோ செற்றுக்கும் உள் லைற்றுக்கும் போகும் பியூஸை இழுத்ததும் 0.02க்கு விழுந்தது. லைற்றுகள் எல்லாம் அணைந்துதான் இருந்தன. மிச்சம் செற்.

ஜப்பான் செற்றில் எப்.எம். 76 முதல் 90 வரைதான், நம்முடைய பல வானொலிகள் அதில் வராது. அதனால் வேறொரு கடையில் ஆண்ட்ராய்டு செற் போட்டிருந்தேன். சாவியை எடுத்த பிறகும் திரை எரிந்தது. கேட்டதற்கு "அது அப்பிடித்தான் அண்ண, பட்டனை அமத்தி நிப்பாட்டுங்க" என்றார்கள். நானும் தினமும் அமத்தினேன். திரை அணைந்தது, உள்ளே செற் விழித்தே இருந்தது. மாமா செற்றை வெளியே இழுத்தார். எப்போதும் கரண்ட் இருக்க வேண்டிய மஞ்சள் வயரையும், சாவி திருப்பினால் மட்டும் கரண்ட் வர வேண்டிய சிவப்பையும் ஒன்றாக முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள். பிரித்துச் சரியாகக் கொடுக்கப் பத்து நிமிடம் ஆனது.

கராஜுக்குப் போய்ச் சொன்னேன். "பற்றரியும் பழசுதானே தம்பி" என்றார். என் பழைய ஓல்டனேற்றர் "வித்துப்போச்சு". நுகர்வோர் அதிகாரசபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எடுக்கலாம் என்று பார்த்தால் கையில் இருந்தது சிகரெட் பெட்டி அட்டையில் எழுதிய தொகை மட்டும், கடையின் பெயர்கூட இல்லை. கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டும் என்பது அந்த அதிகாரசபையின் 2003ஆம் ஆண்டு 9ஆம் இலக்கச் சட்டத்திலேயே இருக்கிறது. அதையும் நான் கேட்கவில்லை.

இப்போது கார் நாலு நாள் நின்றாலும் எடுபடுகிறது. ஆனால் முழுக்க இறங்கி இறங்கி எழும்பிய அந்தப் புதுப் பற்றரி, இரவு முழுக்கச் சார்ஜ் போட்டாலும் மறுநாள் 12.3 வோல்டுக்கு மேல் காட்டுவதில்லை. 12.6 காட்ட வேண்டியது. உத்தரவாத அட்டையுடன் பற்றரிக் கடைக்குப் போனேன். சோதித்துவிட்டு, "இறங்க விட்டிருக்கிறீங்கள், இது எங்கட பிழை இல்ல" என்று திருப்பித் தந்துவிட்டார்கள்.