அடைக்கோழியா, இன்குபேட்டரா? கலந்து வளர்ப்பவர்களுக்கு

வேலூர் மாவட்டத்தில் அணைக்கட்டு, ஒடுகத்தூர் ஊர்ப் பக்கம் கொல்லையில் பத்து நாட்டுக்கோழி, நாலு வாத்து, ஒரு ஜோடி கின்னிக்கோழி என்று வைத்திருப்பவர்கள் முட்டை பொரிக்கும் மிஷினான இன்குபேட்டர் வாங்க யோசிக்கும்போது எத்தனை முட்டை பொரியும் என்பதை மட்டும் பார்க்கிறார்கள். கோழிமுட்டை பொரிய 21 நாள். அந்தக் குஞ்சைத் தேற்ற அதற்குமேல் ஆறு வாரம். பொரிப்பதில் மிஷினுக்கு ஆதாயம் உண்டு. தேற்றுவதில் தாய்க்கோழிக்கு ஈடு கிடையாது.

சிறுவிடை என்கிற சின்ன உடம்பு நாட்டுக்கோழி தன் இன முட்டை 10, 12க்கு மேல் மூடாது. கூடுதலாக வைத்தால் ஓரத்து முட்டை சூடு இழக்கும். கோழி உருட்டி உருட்டி ஒவ்வொன்றையும் ஓரத்துக்குக் கொண்டுவருவதால் ஒன்றிரண்டு கூமுட்டையோடு முடிய வேண்டியது ஏழெட்டாகும். வாத்து முட்டை என்றால் 6 போதும். பெரிய உடம்புள்ள பெருவிடைக் கோழி கனத்தில் முட்டையை மிதித்து உடைக்கும், அடைக்கு வேண்டாம். மிஷினில் 50, 100 வைக்கலாம். கோழியும் முட்டையிடுவதை நிறுத்தாது. அடையும் குஞ்சுமாக இருக்கும் கோழி இரண்டு மாதம் முட்டை தராது.

கலந்து வைப்பதில் நாள் கணக்குதான் காலை வாரும். காடை 17–18, கோழி 21, கின்னி 26–28, வாத்தும் வான்கோழியும் 28, மணிலா வாத்து 35. வாத்து முட்டையைப் பென்சிலால் குறியிட்டு முதலில் வையுங்கள். 7ஆம் நாள் இருட்டியதும் கோழிமுட்டையை நுழைத்துவிடுங்கள். ஒரே நாளில் வைத்தால் குஞ்சு வந்த ஒன்றிரண்டு நாளில் கோழி இறங்கிவிடும், வாத்து முட்டை சில்லிட்டுப் போகும். மிஷினிலும் இதே வம்பு வேறு வடிவில் வரும்: கடைசி மூன்று நாள் முட்டையைத் திருப்பக் கூடாது, ஈரப்பதம் 65–70 சதவீதம் வேண்டும், பின்தங்கிய முட்டைக்கோ திருப்பலும் குறைந்த ஈரமும் தேவை. தனிப் பெட்டி இல்லாமல் சமாளிக்க முடியாது. மணிலா வாத்து தானே நன்றாக அடைகாக்கும், 35 நாள் கோழியை வதைக்க வேண்டாம்.

வேலூர் கத்திரி வெயில் கணக்கை மாற்றிவிடும். இன்குபேட்டருக்கு 37.5 டிகிரி வேண்டும். அது சூடேற்றும், குளிர்விக்காது. வெளியே 40 தாண்டும் மதியத்தில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கடியில் வைத்த மிஷினில் கரு வெந்துபோகும். அதே மதியத்தில் கோழி முட்டை மேலிருந்து சற்று எழுந்து காற்று விடும். சேர்த்து வைக்கும் முட்டையிலும் 24 டிகிரிக்கு மேல் கரு அரைகுறையாக வளர்ந்து சாகும். மே மாதம் நாலு நாளைக்கு மேல் பழைய முட்டை எதற்கும் ஆகாது. அதுவரை ஈர மணலில் பதித்த மண்பானையில் வையுங்கள்.

அடைக்கு முன் இறகைப் புரட்டிப் பேன் பாருங்கள். மண்குளியல் குறைந்த இந்த 21 நாளில் பேன் பெருகினால் கோழி பாதியில் கூடையை விட்டு ஓடும். வைக்கோலுக்கடியில் சாம்பல் தூவினால் நல்லது. இடிக்குப் பயந்து இரும்புத் துண்டும் காய்ந்த மிளகாயும் வைப்பது நம் வழக்கம், வைத்தால் நஷ்டமில்லை.

வளர்ப்புக்கு வருவோம். மிஷின் குஞ்சுக்கு முதல் வாரம் 35 டிகிரி பல்பு சூடு, பிறகு வாரம் 3 டிகிரி குறைக்க வேண்டும். கரண்ட் போனால் ஒன்றன்மேல் ஒன்று ஏறி மூச்சடைத்துச் சாகும். கோழியிடம் அந்தக் கவலை இல்லை, பருந்து வந்தால் குரலும் கொடுக்கும். ஆனால் கின்னிக் குஞ்சைப் பனிப்புல்லில் இழுத்துப்போய் நனைத்துக் கொன்றுவிடும். காலை ஒன்பது வரை பஞ்சாரம் கவிழ்த்து வையுங்கள். வாத்துக்குஞ்சுக்கு ஆழமில்லாத தட்டில் தண்ணீர். கோழித் தீவனத்தில் நியாசின் என்ற பி வைட்டமின் போதாமல் கால் வளையும், பி காம்ப்ளக்ஸ் கலந்து கொடுங்கள்.

வான்கோழிக்குக் கோழி வேண்டவே வேண்டாம். கோழியின் குடல்புழு முட்டை வழியே வரும் கருந்தலை நோய் கோழியை அவ்வளவாகத் தொடாது, வான்கோழியைக் கொல்லும். மிஷினில் பொரித்து, கோழி நடக்காத தரையில் தனியாக வளர்த்து, முதல் 15 நாள் பத்துக் குஞ்சுக்கு ஓர் அவித்த முட்டை, லிட்டர் தண்ணீருக்கு 100 மில்லி பால் கொடுங்கள். தானாகத் தீனி தேடத் தெரியாமல் பட்டினியில் சாகும் இனம் அது. காடைக்குஞ்சும் மிஷினுக்குத்தான், கோழி கால் பட்டாலே நசுங்கும்.

மற்றவற்றுக்கு இரண்டையும் சேர்ப்பதே எங்கள் தேர்வு: மிஷினில் பொரித்து, கோழியிடம் விடுவது. இரண்டு வாரமாவது அடையில் இருந்த கோழி வேண்டும், அதுவரை அடியில் கூமுட்டை இருந்தாலும் சரி. ஒன்றிரண்டு நாள் வயதுக் குஞ்சை இரவு எட்டு மணிக்கு மேல், விளக்குப் போடாமல், பக்கவாட்டில் இறக்கைக்கடியில் தள்ளிவிட்டு முட்டையை எடுத்துவிடுங்கள். விடியுமுன் போய்ப் பாருங்கள். தாழ்ந்த குரலில் குறுகுறுத்தால் ஏற்றுக்கொண்டது. தலையில் கொத்தினால் அந்தக் குஞ்சை உடனே எடுத்துப் பல்புக்கடியில் விடுங்கள்.