ஹாலோவீன் சவப்பெட்டி: ஃபோமா, பேலட்டா, வேலிப் பலகையா?

அக்டோபர் பிறந்ததும், ஹாலோவீன் என்னும் பேய் வேடத் திருநாளுக்காக அமெரிக்கப் புறநகர் வீடுகளின் முன்புல்வெளி இடுகாடாக மாறிவிடும். கல்லறைக் கற்களைக் கடையில் வாங்கிக்கொள்ளலாம். சவப்பெட்டியை மட்டும் கையால்தான் செய்ய வேண்டும் என்பது என் பிடிவாதம்.

எந்தப் பொருளில் செய்தாலும் வடிவம் ஒன்றுதான்: தோளில் அகன்று காலில் குறுகும் அறுகோணம். இன்றைய அமெரிக்க இறுதிச்சடங்குகளில் பெரும்பாலும் நீள்சதுரப் பெட்டிதான். ஆனால் அறுகோணத்தைப் பார்த்தால்தான் குழந்தைகள் திகைத்து நிற்கிறார்கள். என் அளவு இது: நீளம் 72 அங்குலம், தலைப்பக்கம் 14, தோள் 24, கால் 12, தலையிலிருந்து 20 அங்குலத்தில் தோள். தோளில் சேரும் இரு பலகைகளின் முனையையும் ஏறத்தாழ 10 டிகிரி சாய்த்து அறுத்தால் இடுக்கு விழாது.

முதல் பெட்டியை ஃபோமில் செய்தேன். சுவருக்குள் குளிர் தடுக்க வைக்கும் இளஞ்சிவப்புப் பலகை அது. 4க்கு 8 அடி, 2 அங்குலக் கனம். முழுப் பலகையும் நான்கு கிலோவுக்குப் பக்கம்தான் இருக்கும். கூரான கத்தி போதும். கம்பி பிரஷ்ஷை நீளவாக்கில் அழுத்தி இழுத்தால் மரத்தின் ரேகை அப்படியே வந்துவிடும். கறுப்பு அடித்துக் காயவிட்டு, கிட்டத்தட்ட உலர்ந்த பிரஷ்ஷில் சாம்பல் நிறத்தைத் தொட்டு மேலோடு தடவினால் மேடுகள் மட்டும் நிறம் பிடிக்கும். பக்கத்து வீட்டுக்காரர் விரலால் தட்டிப் பார்த்த பிறகுதான் மரமில்லை என்று நம்பினார்.

ஆனால் ஸ்ப்ரே பெயின்ட் ஆகாது. அதிலுள்ள கரைப்பான் ஃபோமைத் தின்றுவிடும். மூடியில் பெயர் எழுத நான் அடித்த இடமெல்லாம் கண்ணெதிரே குழிகுழியாக உருகியது. இரண்டு நாள் உழைப்பு போயிற்று. தண்ணீரில் கரையும் லேடெக்ஸ் பெயின்ட் மட்டுமே அடியுங்கள். ஃபோம் எளிதில் தீப்பிடிக்கும் என்பதால் உள்ளே எல்இடி மெழுகுவத்திதான். காற்றுக்கும் பயப்பட வேண்டும்: பெட்டிக்குள் இரும்புக் கம்பியை அடித்து நிறுத்தாவிட்டால் விடிந்ததும் தெருவில்தான் தேட வேண்டும்.

சரக்கு அடுக்கும் பேலட் இலவசமாகக் கிடைக்கும், அதுதான் அதன் ஒரே பெருமை. வழக்கமான அளவு 48க்கு 40 அங்குலம் என்பதால் ஆறடிப் பெட்டிக்கு ஒட்டுப்போட வேண்டியிருக்கும். ஆணி பிடுங்கும்போதே பாதிப் பலகை பிளந்துவிடும். முத்திரையையும் பாருங்கள்: எச்.டி. என்றால் சூட்டில் பதப்படுத்தியது. எம்.பி. என்றால் மெத்தில் புரோமைடு என்ற நச்சு வாயுவால் புகையூட்டியது, அதைத் தொடவே வேண்டாம்.

என் ஓட்டு செடார் மர வேலிப் பலகைக்கு. ஆறடி நீளத்தில் விற்கிறார்கள், அதாவது சரியாக 72 அங்குலம். அகலம் ஐந்தரை அங்குலம். இரும்பு நாரை வினிகரில் ஓரிரு நாள் ஊறவைத்து அந்த நீரைப் பூசினால், செடாரிலுள்ள டானின் என்னும் துவர்ப்புப் பொருளோடு சேர்ந்து புதுப் பலகை பழஞ்சாம்பலாகக் கறுக்கும். காசு கூடுதல், தூக்க இரண்டு பேர் வேண்டும். ஆனால் மழையில் நின்றாலும் குலையாது. கீல் வைத்த மூடி நூறு முறை திறந்தாலும் திருகாணி பிடி விடாது. ஃபோமில் கீல் ஒரே இரவில் பிய்ந்து வந்துவிட்டது.

பாதி புதைந்ததுபோல் புல்வெளியில் கிடத்தும் பெட்டிக்கு ஃபோமே போதும். வாசலில் நிமிர்த்தி, உள்ளிருந்து எலும்புக்கூட்டின் கை மூடியைத் தள்ளும்படி செய்வதென்றால் செடாரை வாங்குங்கள். உலர்ந்த மரம் கீலில் உரசும் அந்தக் கிறீச்சொலி ஃபோமில் வராது.