ஐஎஃப்சி ஸ்கீமாவிலிருந்து டைப்ஸ்கிரிப்ட்: மூன்று வருடக் குடித்தனம்

"ஐஎஃப்சிக்கு கிளாஸ் எல்லாம் கையாலயே எழுதிக்கவா, இல்ல ஜெனரேட்டரை நம்பலாமாடா?" என்று போன வாரம் நண்பன் கேட்டான். ரெண்டு வரியில் முடிக்கத்தான் உட்கார்ந்தேன். ஐஎஃப்சி என்பது கட்டட மாடல்களை ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்குக் கொடுக்கும் பொது வடிவம். அதில் சுவர், கதவு எல்லாம் எப்படி இருக்க வேண்டும் என்ற வரையறைதான் ஸ்கீமா; எக்ஸ்பிரஸ் என்ற மொழியில் எழுதியிருப்பார்கள்.

நான் வைத்திருக்கும் ஜெனரேட்டர் ஒரு திறமூலக் கருவி. ஸ்கீமா கோப்பைக் கொடுத்தால் டைப்ஸ்கிரிப்ட் என்ற நிரல் மொழியில் கிளாஸ்களை, அதாவது சுவர், கதவு போன்றவற்றுக்கான அச்சுகளை, கொட்டும்.

கதவிலிருந்து தொடங்குகிறேன். ஐஎஃப்சியில் கதவுக்கு உயரம் முதலில், அகலம் அடுத்து. நம் வாயில் வருவதோ அகலம்தான் முதலில். கையால் எழுதிய காலத்தில் அகலம் 900, உயரம் 2100 மி.மீ. என்று அதே வரிசையில் போட்டு, ஒரு மாடி முழுக்கத் தவழ்ந்து போகிற கதவுகளாக வைத்திருந்தேன். ரெண்டுமே நீளம், ரெண்டுமே எண். கோடைச் சரிபார்க்கும் கம்பைலர் எதைப் பிடிக்கும்? இந்தக் கருவி தரும் கிளாஸில் ஒவ்வொன்றையும் பெயர் சொல்லித்தான் நிரப்ப வேண்டும். அந்தத் தொல்லை அன்றோடு விட்டது.

பதிப்பு மாறும்போதும் கைகொடுத்தது. ஐஎஃப்சியின் பழைய பதிப்பான 2எக்ஸ்3-இல் சுவருக்கு 8 அட்ரிபியூட் (நிரப்ப வேண்டிய விவரம்), ஐஎஃப்சி4-இல் 9. 4.3-க்குப் போனால் 'ஐஎஃப்சி பில்டிங் எலிமென்ட்' என்ற பெயரே 'பில்ட் எலிமென்ட்' ஆகிவிட்டது. மறுபடி ஜெனரேட் செய்தேன், உடைந்த இடமெல்லாம் சிவப்புக் கோடு. ஒரு மதியத்தில் வேலை முடிந்தது. 2எக்ஸ்3-இலேயே சுவர், கதவு மாதிரி 653 என்டிட்டி. கையால் எழுதுகிறவனுக்குக் கோயில் கட்டலாம்.

இப்போது என் வயிற்றெரிச்சல். ஒரு சுவர் எவ்வளவு நேரம் தீயைத் தாங்கும்? எங்களிடம் கேட்பதே அதைத்தான். எந்த கிளாஸிலும் அது கிடையாது. சுவரில் ஆரம்பித்து, அதைக் கூடுதல் தகவலோடு இணைக்கும் உறவு என்டிட்டியைத் தாண்டி, அந்தத் தகவல் இருக்கும் பிராப்பர்ட்டி செட்டுக்குள் நுழைந்து, 'ஃபயர்ரேட்டிங்' என்ற பெயரை வெறும் ஸ்ட்ரிங்காக, எழுத்துக்கு எழுத்து, ஒப்பிட்டுத்தான் எடுக்க வேண்டும். அந்தப் பெயர்ப் பட்டியல் எக்ஸ்பிரஸ் கோப்பிலேயே இல்லை. தனியாக எக்ஸ்எம்எல் கோப்பாக வருகிறது. கருவி அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. மதிப்பும் வெறும் லேபிள்தான்: ஒருத்தர் '120' என்பார், இன்னொருத்தர் '2 மணி' என்பார். வாசலில் மூன்று பூட்டு, பீரோ திறந்து கிடக்கிறது.

போன மாதம் ஒரு ரிப்போர்ட்டில் ஒரு சுவருக்குக்கூட ரேட்டிங் வரவில்லை. மாடல் செய்த பையனுக்குப் போன் போட்டு, "என்ன தம்பி, ஒண்ணுக்குக்கூடப் போடலையா?" என்று சத்தம் போட்டேன். "எல்லாத்துக்கும் போட்டிருக்கேன் சார், ஒருவாட்டி பாருங்களேன்" என்றான், பொறுமையாக. பார்த்தேன். என் கோடில் அந்த ஸ்ட்ரிங்கின் கடைசியில் ஒரு ஸ்பேஸ். இதைப் பிடிக்காத டைப் சோதனை எனக்கு எதற்கு? தம்பியிடம் மன்னிப்புக் கேட்டது தனிக்கதை.

அந்தச் சூட்டிலேயே நண்பனுக்கு எழுதிவிட்டேன்: "ஜெனரேட்டர் வேண்டாம். உனக்கு வேண்டிய இருபது கிளாஸைக் கையால் எழுதிக்கோ."

நேற்று ராத்திரி அதே கருவியில் உட்கார்ந்து, பிராப்பர்ட்டி செட் எக்ஸ்எம்எல்லையும் படிக்க வைக்க ஆரம்பித்திருக்கிறேன். சுவர் முடிந்தது. கதவை இன்று பார்க்க வேண்டும்.