நாலு வருஷ யூஎஸ்பிஏஎஸ்பி: கருவி தங்கம், டிரைவர் தலைவலி

வேலந்தாவளம் செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம் கேரளச் சித்தூரில் இருக்கிற தம்பி ஒருவன் நேற்று, "அண்ணா, யூஎஸ்பிஏஎஸ்பி வாங்கிட்டேன், விண்டோஸ்ல மஞ்சள் குறிதான் காட்டுது" என்றான். யூஎஸ்பிஏஎஸ்பி என்பது கம்ப்யூட்டரிலிருந்து ஏவிஆர் சிப்புகளில் புரோகிராம் ஏற்றும் யூஎஸ்பி கருவி; மஞ்சள் குறி வந்தால் அதற்கு டிரைவர் இல்லை என்று அர்த்தம். இதே கேள்விக்கு எத்தனை தடவைதான் வாய்ஸ் மெசேஜ் போடுவது, எழுதியே வைத்துவிடுகிறேன்.

தோப்பு மோட்டாருக்கான டைமர் போர்டுகளில் வரும் ஏடிமெகா8, ஏடிடைனி13 சிப்புகளுக்கு நாலு வருஷமாக இதைத்தான் பயன்படுத்துகிறேன். ஒருநாளும் மக்கர் செய்ததில்லை. "எஸ்சிகே பீரியடை (சிப்புக்கு டேட்டா அனுப்பும் வேகத்தை) வைக்க முடியவில்லை, ஃபர்ம்வேரைப் புதுப்பி" என்று, இந்தக் கருவியை இயக்கும் மென்பொருளான ஏவிஆர்டூட் ஒவ்வொரு தடவையும் புலம்பும். புலம்பட்டும், சிப்பில் புரோகிராம் ஏறிவிடும்.

தொல்லை விண்டோஸில்தான். முன்பு டிஜிட்டல் கையெழுத்தில்லாத டிரைவரை 64 பிட் விண்டோஸில் போட, ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு ரீஸ்டார்ட் செய்து, வரும் பட்டியலில் கையெழுத்துச் சோதனையை நிறுத்தும் 7-ஐ அழுத்தி, அதற்குள் கரண்ட் போய்விட்டால் முதலிலிருந்து. இப்போது டிரைவரைப் போட்டுத்தரும் ஜாடிக் என்ற மென்பொருள் இருக்கிறது, சான்றிதழை அதுவே உண்டாக்கிக்கொள்கிறது. ஆனால் பழைய ஏவிஆர்டூட் வைத்திருந்தால் ஜாடிக் காட்டும் டிரைவர்களில் லிப்யூஎஸ்பி-வின்32 தான் எடுக்க வேண்டும். வின்யூஎஸ்பி போட்டுவிட்டு, கருவியே இல்லை என்கிறதே என்று ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை கேபிளை மாற்றி மாற்றிச் செருகிக்கொண்டிருந்தேன். இன்னொரு நாள் 'எல்லா டிவைஸையும் காட்டு' என்பதைத் தட்டிவிட்டு, பட்டியலில் மவுஸைத் தேர்ந்தெடுத்து டிரைவரை மாற்றித் தொலைத்தேன். அம்பு அப்படியே நின்றுவிட்டது. தப்பு என்னுடையதுதான், சரி, ஆனாலும் கீபோர்டை மட்டும் வைத்துக்கொண்டு டிவைஸ் மேனேஜருக்குள் போய் அந்த டிரைவரை அழித்த அரை மணி நேரத்தை யார் தருவார்கள்?

லினக்ஸில் டிரைவர் என்ற பேச்சே கிடையாது. சூடோ (அட்மின் உரிமை) இல்லாமல் ஏவிஆர்டூட் ஓட, எந்தக் கருவிக்கு என்ன அனுமதி என்று சொல்லும் யூடெவ் ரூல்ஸ் கோப்பில் இந்தக் கருவியின் அடையாள எண்களான வெண்டர் 16சி0, ப்ராடக்ட் 05டிசி என்று ஒரே ஒரு வரி, கருவியைக் கழற்றிச் செருகினால் முடிந்தது. மச்சான் மேக்கில் அந்த வரிகூடத் தேவைப்படவில்லை.

இவ்வளவு சொல்லிவிட்டு, தம்பிக்கு நான் கொடுத்த பதில்: கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொண்டால் கொடுத்துவிடு, கையில் இருக்கிற ஆர்டுயினோ ஊனோ போர்டில் ஐஎஸ்பி ஸ்கெட்ச் என்ற தயார் புரோகிராமை ஏற்றி அதையே புரோகிராமராக வைத்துக்கொள். அப்படியென்றால் உங்களுடையதை எனக்குத் தாருங்கள் என்கிறான். அது மட்டும் நடக்காது.